ஒரு நோன்புக்கு இரண்டு மஃரிப்

மர்ஸூக்கின் வலக்கையில் ஓர் ஈச்சம்பழம். இடக்கையில் ஃபோன். மட்டக்களப்பு விமான நிலையத்தில், ஒரு சின்ன விமானத்தின் இறக்கைக்குக் கீழே நின்றுகொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரச்சினை ஒன்றும் பெரிதில்லை. பிடித்த நோன்பை எந்த ஊர் நேரத்துக்குத் திறப்பது என்பதுதான்.

மட்டக்களப்பில் பொழுது முந்திப் படும். புத்தளத்துக்கு அப்பால், மேற்குக் கடற்கரையில் இருக்கிற அவருடைய ஊரான கண்டக்குழியில் சற்றுப் பிந்தித்தான் படும். மர்ஸூக்கின் உடம்பு மட்டக்களப்பில் நின்றது. அவருக்கான கஞ்சி கண்டக்குழியில் கொதித்துக்கொண்டிருந்தது. விமானமோ சரியாகப் பொழுது படுகிற நேரமாகப் பார்த்து உறுமத் தொடங்கியிருந்தது.

ரோட்டால் போவதென்றால் மட்டக்களப்பிலிருந்து புத்தளத்துக்கு ஓர் ஆயுள் தூரம். பொலன்னறுவையில் ஒரு பஸ், அநுராதபுரத்தில் இன்னொரு பஸ். ஏறும்போது முகத்தை வழித்துக்கொண்டு ஏறியவர் இறங்கும்போது தாடிக்கு மருதோண்டி தேடுவார். ஆகாயத்தால் போனால் இருநூறு கிலோமீற்றர்தான். புத்தளத்துக்குப் பக்கத்துப் பாலாவியில் இறங்க ஐம்பது நிமிடம். கருவாட்டு யாவாரத்துக்கு வந்த மனிதருக்கு ஆகாயம் எங்கே கிடைக்கும்? கிடைத்தது. காற்றாடியைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரச் சோடி ஒன்று கண்டக்குழிக்குப் பக்கத்து ஆலங்குடாவுக்குப் போக விமானம் பிடித்திருந்தது. அவர்களை வரவேற்கக் காத்திருந்த விடுதிக்காரர் மர்ஸூக்கின் பழைய கூட்டாளி. ஓர் ஆசனம் சும்மா வருகிறது, குந்திக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

வராமல் இருக்கவும் முடியாது. அன்றிரவு தராவீஹ் தொழுகை முடிந்ததும் மகள் நஸ்ஹாவின் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, மர்ஸூக்கின் மனைவி ஹிதாயாவுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், ஜௌபரின் மகன் ஃபஸ்லான்தான். பிள்ளைகள் இரண்டுக்கும் விருப்பம். மறுநாள் அவன் கட்டாருக்குப் பறக்கிறான். "இண்டைக்கு நீங்க வந்து சேராட்டி, மாப்பிள்ளை கட்டார்ல, புள்ள என்ட தலையில" என்று ஹிதாயா காலையிலிருந்து மூன்று தடவை எடுத்துச் சொல்லிவிட்டாள்.

மர்ஸூக் புத்தளத்திலிருந்த மௌலவிக்குக் கோல் எடுத்தார். மௌலவி பாவம், பசியில் இருந்தார்.

"நீங்க நிக்கிற இடத்துல பொழுது பட்டா நோன்பத் தொறங்க காக்கா. மேல போய் ஆராய்ச்சி செய்ய வாணாம்."

அப்படியே செய்தார். வாவிக்கு அப்பால் தென்னை மரங்களுக்குப் பின்னால் சூரியன் முழுதாக விழுவதைக் கண்ணால் பார்த்தார். காற்றில் எங்கிருந்தோ பள்ளிவாசல் பாங்கு மிதந்து வந்தது. பிஸ்மி சொல்லி ஈச்சம்பழத்தை வாயில் போட்டு, இரண்டு மிடறு தண்ணீர் குடித்து, மென்றுகொண்டே ஏறிக் குந்தினார். விமானம் ஓடி, குதித்து, எழும்பியது.

இனி நடந்ததற்கு மர்ஸூக்கைக் குறை சொல்லக் கூடாது. பிறந்ததிலிருந்து அவர் ஏறிய மிக உயரமான பொருள் தென்னை மரம்.

விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து மூக்கைத் திருப்பியது. கீழே நிலம் கறுத்துக் கிடந்தது. வாவி ஈயத் தகடு போல் இருந்தது. வீடுகளில் விளக்குகள் எரிந்தன. மர்ஸூக் விமானியின் தோளுக்கு மேலால் முன்கண்ணாடியைப் பார்த்தார். இருட்டின் விளிம்பில், நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி, சிவப்பாக ஏதோ ஒன்று தெரிந்தது.

அது வளர்ந்தது.

நகம் பழச்சுளையானது. சுளை தேங்காய்ப் பாதியானது. மெல்ல, சத்தமில்லாமல், தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிற மனிதனைப் போல அது மேலே வந்துகொண்டே இருந்தது. விமானத்துக்குள் எல்லாம் சிவந்தது. பக்கத்து ஆசனத்து வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் செம்புப் பாத்திரமாக மினுங்கியது. அவளுடைய மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி நித்திரை. தாடையைக் கட்டாமல் விட்ட மையித்து போலவே இருந்தான்.

மர்ஸூக்கின் முதல் பயம் சட்டம் சம்பந்தப்பட்டது. பொழுது படவில்லை. அப்படியானால் நோன்பு? கன்னத்தில் ஒதுங்கியிருந்த மிச்ச ஈச்சம்பழத்தை அவசரமாக வாந்திப் பையில் துப்பினார். நாக்கை லேஞ்சியால் துடைத்தார். அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் இரண்டாவது பயம் வந்தது.

இது எந்தத் திசை?

மட்டக்களப்பு முதுகுக்குப் பின்னால். முதுகுக்குப் பின்னால் கிழக்கு. முன்னால் பொலன்னறுவை, அநுராதபுரம், புத்தளம். முன்னால் மேற்கு. இவர் கண்ணால் பார்க்க விழுந்த சூரியன், விழுந்த இடத்திலிருந்தே திரும்பி எழும்புகிறது. மேற்கில்.

ஓதப் பள்ளியில் முதுகில் அடி வாங்கிப் படித்த பாடம். சூரியன் மேற்கில் உதிக்கிற நாளில் தவ்பாவின் கதவு, பாவமன்னிப்பின் கதவு, சாத்தப்படும். அதற்குப் பிறகு அழுதும் பலனில்லை.

எஞ்சின் சத்தம் நீளமான ஓர் ஊதலாகக் கேட்டது. கியாமத்தில், உலகம் முடிகிற நாளில், ஸூர் ஊதும் சத்தம் இதுதானா என்று நினைத்த கணத்தில், உயரத்துக்குக் காது அடைத்து, அந்தச் சத்தமும் நின்றது. உலகம் ஊமையானது. சிவப்பு மட்டும் வளர்ந்தது.

மர்ஸூக்குக்குத் தொழுகை நோன்பெல்லாம் ஒழுங்கு. ஒரே ஒரு விஷயத்தில்தான் சறுக்கல். கண்டக்குழியில் அவருடைய தென்னந்தோட்டமும் ஜௌபரின் தோட்டமும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் கதியால் நட்டு முள்ளுக்கம்பி இழுத்த வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், ஜௌபரின் காணியில், ஒரு தம்பிலி மரம், செவ்விளநீர்த் தென்னை. அது ஆண்டுக்கு ஆண்டு காய்த்துத் தள்ளி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து மர்ஸூக்கைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஜௌபர் மக்காவுக்கு உம்றாப் பயணம் போயிருந்த வாரத்தில் ரோட்டுப் பக்கத்து வேலி கொஞ்சம் நடந்து போய் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. நடக்க வைத்தவர் மர்ஸூக்.

திரும்பி வந்த ஜௌபர் ஒன்றும் கவனிக்கவில்லை. ஸம்ஸம் தண்ணீரும் மதீனா ஈச்சம்பழமும் கொண்டு வந்து கொடுத்து, கட்டிப்பிடித்து அழுதார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோன்புக்கும் மர்ஸூக் நிய்யத்து வைப்பார், இந்த முறை சொல்லிவிடுவது என்று. நோன்பின் முதல் பத்து நாளில் சொல்வோம் என்பார். பிறகு நடுப்பத்து. பிறகு கடைசிப் பத்து. பிறகு பெருநாளும் வந்து, வட்டிலப்பத்தை விழுங்குகிற கையோடு அதையும் விழுங்கிவிடுவார். வேலி இப்போது கடல் பக்கமும் கோணலாகத்தான் தெரிந்தது. கச்சான் காற்றுத் தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். குற்றமுள்ள கண்ணுக்கு எல்லாம் கோணல்.

இப்போது கதவு சாத்தப்படுகிறது. ஆனால் மர்ஸூக் யாவாரி. கடைக் கதவு பாதி சாத்திய நேரத்திலும் உள்ளே புகுந்து சாமான் வாங்கிப் பழகியவர். சூரியன் இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. அப்படியானால் கதவும் பாதிதான் சாத்தியிருக்கும். ஓரத்தால் நெருக்கிப் புகலாம்.

ஃபோனை எடுத்தார். சிக்னல் ஒற்றைக் கோட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. "கண்டக்குழி சொந்தங்கள்" குரூப்பைத் திறந்து, வொய்ஸ் பட்டனை அமுக்கிப் பிடித்தார். அந்தக் குரூப்பில் ஊரில் உள்ள அத்தனை பேரும் இருந்தார்கள். ஆட்டுக்கு ஃபோன் இருந்திருந்தால் ஆடும் இருந்திருக்கும்.

"அஸ்ஸலாமு அலைக்கும். மர்ஸூக் கதைக்கிறன். சூரியன் மேற்கால எழும்புது. கண்ணால பாத்துக்கிட்டு இருக்கன். எல்லாரும் தவ்பா செய்ங்க. ஆர்ட ஹக்கு, ஆர்ட சாமான், ஆர்ட்ட இருக்கோ திருப்பிக் குடுங்க. ஜௌபர் மச்சான், அந்த வேலி விஷயம்…"

வியர்வையில் விரல் வழுக்கி, சொன்னது அந்த அளவில் போய்விட்டது. திரும்ப அமுக்கினார். இம்முறை ஃபோனைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து, ஜௌபர் மச்சான், வேலிய நகத்தினது நான்தான் என்று தொடங்கி, தம்பிலி மரம், உம்றா, கதியால், மதீனா ஈச்சம்பழத்தை வெட்கமில்லாமல் தின்றது என்று எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொல்லி முடித்தார்.

பிறகு பக்கத்தில் இருக்கிறவர்களிடமும் பொறுத்தம் வாங்கிவிடலாம் என்று வெள்ளைக்காரப் பெண்ணின் பக்கம் திரும்பி, தமிழில் மாப்புக் கேட்டார். அவள் அவருடைய கண்ணீரைப் பார்த்து இரங்கி ஒரு டிஷ்யூவும் ஒரு டொஃபியும் கொடுத்தாள். பிறகு, கியாமத்து நாளைத் தன் ஃபோனில் நாலு படம் எடுத்தாள்.

விமானி திரும்பிப் பார்த்தான். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பொடியன், கிழிந்த தமிழ் பேசுவான். அங்கிளுக்கு நெஞ்சு வலியோ என்று கேட்டான். மர்ஸூக் விரலால் முன்கண்ணாடியைக் காட்டினார்.

"ஆ, அதுவா. பயம் வேணாம் அங்கிள். கீழ நிக்கிற ஆளுக்கு சூரியன் போச்சு. நாம மேல வந்தா, பூமிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்கிறம். திரும்பத் தெரியும். இப்ப பாருங்க, மறுபடி போகும்."

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது போலக் கழுத்தை நீட்டியும் காட்டினான். சொன்னபடியே, வந்தது வந்த வழியில் இறங்கத் தொடங்கியது. தேங்காய்ப் பாதி, பழச்சுளை, நகம். பிறகு ஒன்றுமில்லை. காது திறந்துகொண்டது. எஞ்சின் மறுபடியும் எஞ்சினாகவே கத்தியது.

ஒரே நோன்புக்கு இரண்டு மஃரிப், இரண்டு அஸ்தமனம், கண்ட மனிதர் கையிலிருந்த டொஃபியை உரித்து, இரண்டாவது தடவையாக பிஸ்மி சொல்லி வாயில் போட்டார். இனிப்புத் தொண்டையில் இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

வொய்ஸ்.

ஃபோனைப் பார்த்தார். முதல் வொய்ஸ் போய், எல்லாரும் கேட்டு, சரி அடையாளம் நீலமாகியிருந்தது. இரண்டாவதுக்குப் பக்கத்தில் சின்ன மணிக்கூட்டுப் படம். போகவில்லை. சிக்னல் செத்திருந்தது, கீழே வெறும் காடு. அல்லாஹ்வுடைய கருணையே கருணை. அதை எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியாது. போன மாதம் ஒன்றை அழிக்கப் போய், மீன் வாடிக்கு முன்னால் குனிந்து நின்ற தன் முதுகை மூன்று குரூப்புக்கு அனுப்பியவர். அதனால் அறிந்த வைத்தியத்தைச் செய்தார். பட்டனை அமுக்கிப் பிடித்து ஃபோனையே அணைத்தார். அணைந்த ஃபோன் எதையும் அனுப்பாது. வீட்டுக்குப் போய் நஸ்ஹாவிடம் கொடுத்து, அவளும் கேட்காமல் அழிக்கச் சொல்லலாம்.

பாலாவியில் இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. விடுதி வேன் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு போனது. மர்ஸூக்கை ஏற்ற ஊரிலிருந்து நௌஃபர் த்ரீவீல் கொண்டு வந்திருந்தான். கண்டக்குழியில் நௌஃபரின் வாய் ஓய்ந்து யாரும் கண்டதில்லை; குரூப்புக்கு அட்மினும் அவன்தான். அப்படிப்பட்டவன் ஒரு வார்த்தை பேசாமல், தலையில் தொப்பியோடு, மர்ஸூக்கின் பையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி வைத்தான். அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

த்ரீவீல் களப்போரமாக ஓடியது. இருபக்கமும் உப்பு வயல்கள் வெள்ளைத் துணி விரித்த மாதிரிக் கிடந்தன. எதிரே ஒரு வாகனம் இல்லை. நௌஃபரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இஸ்திஃபார், பாவமன்னிப்பு வேண்டல்.

நுரைச்சோலை தாண்டியதும் கேட்டான்.

"காக்கா, அதக் காணக்குள்ள நீங்க எங்க இருந்தீங்க?"

"மேல" என்றார் மர்ஸூக், உண்மையைச் சொல்லி.

த்ரீவீல் ஒருமுறை ரோட்டை விட்டு இறங்கி ஏறியது. அப்புறம் நௌஃபர் தேம்பத் தொடங்கினான்.

"போன வருஷம் காணாமப் போன உங்கட சேவல்…"

"அது நாய் கொண்டு போனது."

"நாயில்ல காக்கா. நான்."

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வொய்ஸ் வந்த நேரம் ஊரில் பாதிப்பேர் கஞ்சிக் கோப்பையோடு கடற்கரையில் இருந்திருக்கிறார்கள். சூரியன் கறுத்த மேகத்துக்குள் போய், பட்டுவிட்டது என்றே எல்லாரும் நினைத்துப் பாங்குக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ஃபோன்கள் ஒன்றாகச் சத்தம் போட, மர்ஸூக்கின் குரல், பின்னால் பேரிரைச்சலோடு, மேற்கைப் பார்க்கச் சொல்கிறது. எல்லாரும் மேற்கைப் பார்க்கிறார்கள். அதே கணத்தில் மேகத்தின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு, முன்பு பார்த்ததை விடப் பெரிதாக, இரத்தச் சிவப்பாக, சூரியன் வெளியே விழுகிறது. கஞ்சிக் கோப்பைகள் இன்னும் மணலில்தான் கிடக்கின்றனவாம். யாரும் எடுக்கப் போகவில்லை. அந்த நேரம் பார்த்துத் தென்னோலை ஒன்று வயரில் விழுந்து கரண்டும் போய்விட்டது.

மர்ஸூக் வாயைத் திறந்தார். விமானம் மேலே போனால் சூரியன் தெரியும், சூரியன் மேகத்துக்குக் கீழே இறங்கினாலும் தெரியும் என்று சொல்லிவிடத்தான் திறந்தார். ஆனால் சேவலின் ஞாபகம் வந்தது. நல்ல சேவல். இப்போது உண்மையைச் சொன்னால் முதலில் நௌஃபர் சேவலைத் திரும்ப நாயின் தலையில் கட்டுவான். அப்புறம் த்ரீவீலை நிறுத்தி இறக்கிவிடுவான். வாயை மூடிக்கொண்டார்.

"என்ட வொய்ஸ்ல கடைசியா என்ன கேட்டிச்சு?"

"ஜௌபர் மச்சான், அந்த வேலி விஷயம். அதோட வெட்டிட்டுது. பொறகு ஒண்டும் வரல்ல." நௌஃபர் குரலைத் தாழ்த்தினான். "அதக் கேட்டதுல இருந்து ஜௌபர் காக்கா ஆள் சரியில்ல. பள்ளி முத்தத்துல உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கார்."

மர்ஸூக் சட்டைப் பையைத் தடவி, ஃபோன் அணைந்துதான் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

கண்டக்குழி கறுத்துக் கிடந்தது. வீட்டுக் கதவெல்லாம் திறந்திருந்தன, உள்ளே ஆளில்லை. ஒழுங்கையில் சாமான்கள் நடந்து போயின. ஓர் ஏணி மதில் ஓரமாகத் தனியே போனது; கிட்ட வந்தபோதுதான் கீழே இரண்டு கால் தெரிந்தது. ஒரு துருவலை, ஓர் அம்மி, ஒரு தையல் மெஷின், ஒரு சோடிக் கதிரை, எல்லாம் மூச்சு விடாமல் தத்தம் சொந்த வீடுகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு ஆடுகள் ஒன்றையொன்று கடந்து போயின, வெவ்வேறு வீட்டுக்கு. ஒரு வீட்டுக்குள்ளிருந்து மட்டும் அழுகை கேட்டது; பத்து வருஷமாகக் கதை பேச்சில்லாத அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்று புதிதாகச் சண்டை தொடங்கியிருந்தார்கள். த்ரீவீல் வெளிச்சம் பட்டதும் ஒழுங்கையில் நின்ற எல்லாரும் அசையாமல் நின்று, மர்ஸூக்கைப் பார்த்து, வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

வாசலில் ஹிதாயா குப்பி விளக்கோடு நின்றாள். அவரைக் கண்டதும் விளக்கை வைத்துவிட்டு அழுதாள். மர்ஸூக்கின் உம்மா ஆசையாகக் கொடுத்த பச்சைச் சாரத்தை எலி கடிக்கவில்லையாம். அதன் கலர் பிடிக்காமல் தான்தான் வெட்டிச் சட்டி இறக்கும் துணியாக்கினாளாம். ஏழு வருஷமாக எலிப்பொறி வைத்த மனிதர் அதையும் பொறுத்தார். பொறுப்பது அன்றைக்கு அவருக்குச் சுகமாகவே இருந்தது.

அவள் பையை வாங்கினாள். நனைந்த லேஞ்சியை எடுத்தாள். சட்டைப் பையில் இருந்த ஃபோனையும் எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"இதும் செத்துப் போய்க் கிடக்கு. சார்ஜ்ல குத்தி வெக்கிறன், கரண்ட் வந்தா தானா எழும்பும். நீங்க போங்க. காக்கா பள்ளியில அழுதழுது நிக்கிறாராம். எப்படியாவது புள்ளைட விஷயத்தக் கெடுத்துப் போடாதீங்க."

மர்ஸூக் நஸ்ஹாவைத் தேடினார். மாமி வீட்டுக்கு எதையோ திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். ஃபோன்தான் அணைந்திருக்கிறதே என்று நடந்தார். மகளின் கலியாணம் இனித் தன் வாயில் தொங்குகிறது என்பது ஒவ்வோர் அடியிலும் கூடக் கூட நடந்தது.

பள்ளி முற்றத்தில் ஊரே இருந்தது. இஷாத் தொழுகையைப் பிற்போட்டுவிட்டு, இருட்டில், வரிசை வரிசையாக, பேசாமல். மர்ஸூக் உள்ளே வந்ததும் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பின. பாங்கு சொல்லும் மோதினார் அஹமட் கரகரத்த குரலில், என்ன கண்டீங்க, சொல்லுங்க என்றார்.

பொய் சொல்வதில்லை என்ற முடிவோடு மர்ஸூக் சொன்னார்.

"மேற்கால எழும்பினது உண்மை. பொறகு திரும்பப் பட்டுட்டுது. அதையும் பாத்தன்."

முற்றம் முழுதும் ஒரு பெருமூச்சு ஓடியது. அவகாசம் கிடைத்திருக்கிறது. தவ்பாவின் கதவு மறுபடி திறந்திருக்கிறது. யாரோ விசும்பினார்கள்.

கூட்டம் விலகியது. ஜௌபர் வந்தார். பனை மரம் போன்ற மனிதர்; அன்றைக்கு முருங்கைக் கொப்பாக வளைந்து வந்தார்.

"மச்சான்" என்றார் ஜௌபர். "வேலி விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

மர்ஸூக் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"மேல இருந்து பாக்கக்குள்ள தெரியாமப் போகுமா? கடல் பக்கத்து வேலிய நான்தான் உங்கட காணிக்குள்ள தள்ளினன். நீங்க போன வருஷம் மட்டக்களப்புக்குப் போன நேரம். ரெண்டு தென்னை. ஷைத்தான் கையப் புடிச்சிட்டான். மாப்புத் தாங்க மச்சான். புள்ளைகள்ட கலியாணத்த இதுக்காக நிப்பாட்டிப் போடாதீங்க."

காற்று வீசிற்று. கச்சான் காற்று தள்ளாத வேலி மர்ஸூக்கின் மனக்கண்ணில் கோணலாக நின்றது. ஒரு முனையை இவர் இழுக்க, மறு முனையை அவர் இழுக்க, நடுவில் கதியால்கள் பாவம். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இப்போது சொல்லிவிடலாம், இதைவிட நல்ல நேரம் வராது. அந்தா நிற்கிறது வார்த்தை, நாக்கின் நுனியில்.

ஆனால் ஊர் முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே போய் வந்த மனிதர். சூரியனைத் திரும்பிப் போக வைத்தவர் என்றே பின்வரிசையில் கதை கிளம்பிவிட்டது. இப்படி ஒரு பார்வையை மர்ஸூக் வாழ்நாளில் வாங்கியதில்லை. நாக்கின் நுனி மெல்ல உள்ளே திரும்பியது. கடைசிப் பத்தில் சொல்வோம்.

தொண்டையைச் செருமினார்.

"நிமிருங்க மச்சான். அடுத்தவன்ட ஒரு சாண் மண்ண எடுத்தவன், நாளைக்கு ஏழு பூமியையும் கழுத்துல தூக்கிக்கிட்டு நிப்பான். நீங்க தூக்குவீங்களா? இந்த வயசுல? வேலியில கை வெச்ச வீட்டுக்குப் புள்ளையக் குடுக்கலாமா எண்டு இன்னொருத்தன் எண்டா யோசிப்பான். நான் அப்படி ஆளில்ல. மனசாரப் பொறுத்துட்டன்."

ஜௌபர் குலுங்கி அழுது அவர் தோளில் விழுந்தார். பெருநாளுக்கு மாப்பிள்ளை கட்டாரிலிருந்து லீவில் வருவான், கலியாணம் அது கழிந்து முதல் வெள்ளி என்று யாரோ சொல்ல, எல்லாரும் ஆமீன் என்றார்கள். மோதினார் அஹமட் மர்ஸூக்கின் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்தார். இன்றைக்கு நீங்கதான் நாலு வார்த்தை சொல்லணும் என்றார். மைக்குப் பக்கத்தில் நௌஃபர் அதைத் துடைத்துத் தயாராக நின்றான்.

அப்போது கரண்ட் வந்தது. விளக்குகள் ஒன்றாக எரிந்து, முற்றத்தில் இருந்த அத்தனை முகமும் திடீரென்று மண்ணிலிருந்து முளைத்த மாதிரித் தெரிந்தன. ஒலிபெருக்கி ஒருமுறை இருமியது. எல்லாரும் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். மர்ஸூக் தொப்பியைச் சரிசெய்து, கண்ணை மூடி, சொல்லப்போகிற நாலு வார்த்தையை மனதுக்குள் அடுக்கினார்.

முதலில் பின்வரிசையில் ஒரு ஃபோன் டிங் என்றது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. பிறகு சட்டைப் பைகளுக்குள், சாரக் கட்டுகளுக்குள், பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால், மழைக்குப் பிந்திய தவளைகளைப் போல, வரிசை வரிசையாக டிங், டிங், டிங் என்று அந்தச் சத்தம் மர்ஸூக்கை நோக்கி வந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஜௌபரின் பைக்குள்ளும் ஒன்று.

நௌஃபர் தன் ஃபோனை எடுத்துப் பார்த்து, காதில் வைத்து, மரியாதையாக ஓர் அடி முன்னால் வந்தான்.

"மர்ஸூக் காக்கா, மேல இருந்து நீங்க விட்ட ரெண்டாவது வொய்ஸ் இப்பதான் கீழ எறங்கியிருக்கு. 'ஜௌபர் மச்சான், வேலிய நகத்தினது நான்தான்' எண்டு தொடங்குது. மிச்சத்த மைக்குல போடட்டா?"